மங்கிய வர்ணமும் அதன் கீழுள்ள துணியும்

சென்ற ஆண்டு முல்லைத்தீவிலுள்ள ஒரு தாயிடம் புகைப்படம் ஒன்றை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட அவரது மகனின் படம். போராட்டப் பந்தலில் ஆண்டுக்கணக்காகத் தொங்கியும் ஊர்வலங்களில் ஏந்தப்பட்டும் வெயில் குடித்த படம். சேட்டின் சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது. "தெளிவாக்கித் தா தம்பி" என்றார்.

ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தேன். கணினியில் திருத்தி, பின்னணியை மாற்றி, முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா நீண்ட நேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அவன்ரை முகம் இல்லை" என்றார்.

அதே கிழமை மொன்றியலில் இருக்கும் அத்தான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கியூபெக் மாநிலத்தில் நோல்ற்றன் என்ற சின்ன ஊரின் அருங்காட்சியகத்தில் நிற்கும், முதலாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் விமானம். "நூறு வருசத்துக்கு மேற்பட்ட துணியாம். ஒருத்தரும் பெயின்ற் அடிக்கேல்லையாம். அதுதான் பெறுமதியாம்" என்று எழுதியிருந்தார்.

கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன் நான். போர் விமானத்தின் படத்தை ரசித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த அம்மாவின் சொல் மனதில் இருந்தபடியால் அத்தானின் செய்தியைக் கடந்துபோக முடியவில்லை. மங்கியதைத் துலக்குவதற்கும் அழித்துப் புதிதாக்குவதற்கும் இடையிலுள்ள கோடு எங்கே இருக்கிறது? துணி விமானங்களைப் பராமரிப்பவர்கள் இந்தக் கேள்வியோடு ஒரு நூற்றாண்டாகத் தொழில் செய்து வருகிறார்கள். அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

துணியால் ஆன விமானமா?

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கைகள் மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்த மஸ்லின் பருத்தித் துணியால் ஆனவை. அதன் பின்னர் 1930கள் வரை உலகின் பெரும்பாலான விமானங்கள் அவ்வாறே செய்யப்பட்டன. மரத்தாலோ உருக்குக் குழாய்களாலோ ஒரு கூடு. அதன் மேல் லினன் அல்லது பருத்தித் துணி. துணி இலேசானது, மலிவானது, கிழிந்தால் தைக்கலாம்.

இரண்டாம் உலகப் போரிலும் துணி விமானங்கள் இருந்தன. எங்கள் தீவுக்கும் அவற்றோடு தொடர்புண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் விமானங்களின் பின்னுடல் துணியால் போர்த்தப்பட்டது. அன்று காலை திருகோணமலை சீனன்குடாவிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த 6 சுவோட்பிஷ் விமானங்கள் பெரும்பாலும் துணி போர்த்த இரட்டை இறக்கை விமானங்கள். ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன.

துணி விமானங்கள் இன்றும் பறக்கின்றன. பழைய பைப்பர் கப் போன்ற சிறு விமானங்களை வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பருத்திக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் பொலியெஸ்ரர் துணி போர்த்துகிறார்கள்.

வர்ணத்தின் முதல் வேலை அழகல்ல

சட்டத்தில் போர்த்தியவுடன் துணி தொய்வாக இருக்கும். அதை இறுக்க 'டோப்' என்ற பூச்சைப் பூசுவார்கள். இது இரசாயன முறையில் மாற்றிய செலுலோசைக் கரைப்பானில் கரைத்துச் செய்த, வார்னிஷ் போன்ற திரவம். காயும்போது சுருங்கும். துணியையும் சேர்த்து இழுத்து, தவில் தோல் போல இறுக்கிவிடும். பொலியெஸ்ரர் துணியென்றால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டால் சுருக்குகிறார்கள்.

இறுகிய துணிக்கு முதல் எதிரி வெயில். அதிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்கள் நாரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கின்றன. பருத்தியும் லினனும் மட்டுமல்ல, பொலியெஸ்ரரும் இதற்குத் தப்பாது. கொடியில் மாதக்கணக்காக மறந்துவிட்ட சீலை, ஒருநாள் கை பட்டதும் பொத்தென்று கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தின் இறக்கையில் நடப்பதும் அதுதான்.

ஆகவே துணிக்கும் வெயிலுக்கும் இடையே ஒரு கூரை வேண்டும். நிறமற்ற டோப் பூசிய பின்னர், அலுமினியத் தூள் கலந்த வெள்ளிநிறப் பூச்சைப் பல தடவைகள் பூசுவார்கள். அந்தத் தூள் உண்மையில் மிகச் சிறிய தகடுகள். கிடுகு வேய்ந்ததுபோல ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து வெளிச்சத்தைத் தடுக்கும். அதன் மேல்தான் கண்ணுக்குத் தெரியும் வர்ணம் வரும். வெள்ளிப் பூச்சு போதுமா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இறக்கைக்குள் மின்குமிழ் ஒன்றைப் பிடித்து வெளியிலிருந்து பார்ப்பார்கள். வெளிச்சம் கசிந்தால் கூரையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானிய விமானங்களுக்குப் பூசப்பட்ட காக்கி கலந்த பச்சை வர்ணத்துக்கு பி.சி.10 என்று பெயர். அது எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் நிறம் மட்டுமல்ல. லினன் துணியை வெயிலிலிருந்து காப்பதே அதன் முக்கிய நோக்கம். மத்திய கிழக்கின் கடும் வெயிலுக்கென்று பி.சி.12 என்ற செம்பழுப்புப் பூச்சையும் தயாரித்தார்கள்.

இந்தப் பூச்சு தொழிலாளர்களின் உயிரையும் வாங்கியது. போரின் ஆரம்ப ஆண்டுகளில் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் பாவித்த டோப்பில் ரெற்றாகுளோரோஈதேன் என்ற கரைப்பான் இருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு ஈரல் கெட்டு மஞ்சட்காமாலை வந்தது. சிலர் இறந்தார்கள். பின்னரே அந்தக் கரைப்பான் கைவிடப்பட்டது. இன்றும் இந்த வேலையை முகமூடியும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் செய்யக்கூடாது.

மங்கல் சொல்லும் செய்தி

வெயிலில் நின்ற பழைய இரும்புக் கேற்றைக் கையால் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் வெள்ளைத் தூள் ஒட்டும். வர்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பொருள் வெயிலில் சிதைந்து, நிறத்துகள்கள் தளர்ந்து வெளியே வந்துவிட்டன. துணி விமானத்தின் மங்கலும் பெரும்பாலும் இதுவே.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கேற்றின் வர்ணம் மங்கினாலும் உள்ளே இரும்பு இருக்கிறது. விமானத்தின் வர்ணத்துக்கு உள்ளே இருப்பது துணி. மேலே உள்ள நிறம் இவ்வளவு வெயிலைக் குடித்திருந்தால் கீழே உள்ள துணி எவ்வளவு குடித்திருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு நல்ல தொழிலாளி பொலிஷ் துணியைக் கையில் எடுக்கமாட்டார்.

எனவே முதல் வேலை பரிசோதனை. வெயில் நேரடியாக விழும் மேற்பரப்பில், அதிலும் கடும் நிறம் பூசிய இடத்தில் சோதிப்பார்கள். கடும் நிறம் கூடுதலாகச் சூடேறும். அங்கேதான் துணி முதலில் நலியும். சிறு கூர்முனைக் கருவியால் அழுத்திப் பார்ப்பது ஒரு முறை. துணியில் ஒரு கீற்றை வெட்டியெடுத்து அறும்வரை இழுத்துப் பார்ப்பது நம்பகமான முறை. அமெரிக்க விதிமுறையின்படி 'ஏ' தரப் பருத்தித் துணி புதிதாக இருக்கும்போது ஓர் அங்குல அகலத்துக்கு 80 இறாத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். 56 இறாத்தலைக்கூடத் தாங்காவிட்டால் அந்தத் துணியோடு பறக்க முடியாது. வர்ணம் கண்ணாடிபோல மின்னினாலும் கழற்றிப் புதுத்துணி போட வேண்டியதுதான்.

பறக்கும் விமானத்தில் புதுப்பூச்சின் ஆபத்தும் இதுதான். நலிந்த துணியின் மேல் புது வர்ணம் அடித்தால், பார்ப்பவர் விமானம் புதிது என்று நம்பி ஏறுவார்.

துலக்குவது எப்படி?

துணி நன்றாக இருக்கிறது, மேலே உள்ள நிறம் மட்டும் மங்கியிருக்கிறது என்று உறுதியான பின்னர்தான் துலக்கும் வேலை. அது ஏறக்குறைய இந்த ஒழுங்கில் நடக்கும்.

முதலில் கழுவுதல். நிழலில் நிறுத்தி, மென்மையான சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு கையால் கழுவுவார்கள். வேகமாகப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தைப் பாவிக்கமாட்டார்கள். அது தையல் மேல் ஒட்டிய நாடாக்களைக் கிளப்பிவிடும். இறக்கையின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். உள்ளே தேங்கும் நீர் மரத்தை உக்கவைக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

அடுத்தது, பூசியிருப்பது என்ன என்று அறிதல். டோப்பா, எனாமலா, பொலியூரித்தேனா? கண்ணில் படாத ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பார்ப்பார்கள். டோப் இளகும், நன்கு இறுகிய பொலியூரித்தேன் இலகுவில் இளகாது. இதை அறியாமல் ஒன்றின் மேல் இன்னொன்றைப் பூசினால் பூச்சு சுருளும், அல்லது உரியும்.

பின்னர் தூளை எடுத்தல். மிக மென்மையான பொலிஷைக் கொண்டு கையாலேயே, அழுத்தாமல் தேய்ப்பார்கள். சட்டத்தின் விலாக்களோடு துணியைத் தைத்த இடங்களும் நாடா விளிம்புகளும் சற்று மேடாக இருக்கும். வர்ணம் அங்கே முதலில் தேய்ந்துவிடும் என்பதால் அங்கு மின்சாரப் பொலிஷ் இயந்திரத்தைக் கொண்டுபோகமாட்டார்கள். கையிலுள்ள துணியில் வெள்ளிநிறம் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். தேய்த்துக்கொண்டிருப்பது நிறத்தையல்ல, கூரையை.

டோப் பழசானால் நெகிழ்ச்சி இழந்து வெடிக்கும். யாராவது விரலால் குத்தினால் வட்ட வட்டமாக வெடிப்பு விழும். ஆங்கிலத் தொழிலாளர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள் 'படர்தாமரை'. இதற்குப் புத்துயிரூட்டும் திரவம் ஒன்று உண்டு. அது பழைய டோப்புக்குள் ஊறி அதை இளக்கி, இழந்த நெகிழ்ச்சியைத் திரும்பக் கொடுக்கும். ஆனால் அது டோப்புக்கு மட்டுமே வேலை செய்யும். நலிந்த துணிக்கு அது பலம் கொடுக்காது. அதனால்தான் அதைப் பூசுவதற்கு முன்பே துணியைச் சோதிக்க வேண்டும்.

மறுபடி வர்ணம் அடிப்பது கடைசி வழி. ஒவ்வொரு பூச்சும் பாரம். இறக்கையிலும் வாலிலும் அசையும் தட்டுகளில் பாரம் கூடினால் அவற்றின் சமநிலை மாறும். வேகமாகப் பறக்கும்போது அவை கட்டுப்பாடின்றி அதிரத் தொடங்கி விமானத்தையே உடைக்கலாம். ஆகவே வர்ணம் அடித்த பின்னர் அவற்றின் சமநிலையை மீண்டும் அளந்து சரிசெய்வார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு பாதுகாப்பு. மெழுகு பூசலாம், ஆனால் சிலிக்கோன் கலந்த மெழுகு கூடாது, பின்னர் எந்த வர்ணமும் அதன் மேல் சீராக ஒட்டாது. எந்த மெழுகையும் விடச் சிறந்தது நிழல். கொட்டகைக்குள் நிற்கும் விமானத்தின் துணி வெளியில் நிற்பதைவிடப் பல மடங்கு காலம் தாங்கும்.

பறக்காத விமானம்

மேலே சொன்னதெல்லாம் பறக்கும் விமானத்துக்கு. அதில் உயிர் முக்கியம். நலிந்த துணியைக் கழற்றி வீசுவதில் தவறில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தின் வேலை வேறு. அது இனிப் பறக்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்ல நிற்கிறது. அங்கே பழைய துணியே சாட்சி.

போர்க்கால விமானங்களில் சன்னம் துளைத்த இடங்களைச் சிறு துணித்துண்டு ஒட்டி மூடுவார்கள். அமெரிக்க அருங்காட்சியகத்திலுள்ள ஸ்பாட் 13 விமானம் ஒன்றில் அந்த ஒட்டுகளின் மேல் சிறிய கறுப்புச் சிலுவைகளை வரைந்திருக்கிறார்கள். எங்கே, எத்தனை தடவை சுடப்பட்டது என்பதற்கு அதுவே பதிவு. அந்தத் தழும்புகளைக் கணக்கிலெடுக்காமல் துணியைக் கழற்றிப் புதிது போட்டிருந்தால் பளபளப்பான விமானம் கிடைத்திருக்கும்; பதிவு போயிருக்கும். சன்னம் துளைத்த சுவர்களுக்குப் பூச்சுப் பூசி வெள்ளையடித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இதை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நோல்ற்றனில் நிற்பது ஃபொக்கர் டி.7. 1918 போர்நிறுத்த உடன்படிக்கையில் பெயர் குறிப்பிட்டுக் கேட்கப்பட்ட விமான வகை. போர்க்கோப்பையாகக் கனடாவுக்கு வந்து, 1920களின் ஆரம்பத்திலிருந்து அந்த ஊரில் இருக்கிறது. அதன் துணியில் இருப்பது பூசிய வர்ணமல்ல. பல நிறப் பல்கோணங்களைத் துணியிலேயே அச்சிட்டிருந்தார்கள், வர்ணத்தின் பாரத்தையும் பூசும் நேரத்தையும் மிச்சப்படுத்த. எஞ்சியிருக்கும் டி.7 விமானங்களில் தன் அசல் துணியோடு இருப்பது இது ஒன்றே எனக் கருதப்படுகிறது. அந்த நிறங்கள் உண்மையில் எப்படி இருந்தன என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இந்த மங்கிய துணிதான் மூலம்.

ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு வேறு விதமாக நடந்தது. 1927இல் ஓர்வில் ரைட் அதற்குப் புதுத்துணி போட்டார். 1985இல் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகம் மறுபடி மாற்றியது. ஆனால் 1903ஆம் ஆண்டின் துணியை எறிந்துவிடவில்லை. அதில் ஒரு துண்டு 1969இல் நீல் ஆம்ஸ்ட்ரோங்கோடு சந்திரனுக்குப் போய்வந்தது. இன்னொரு சிறு துண்டு, செவ்வாயில் 2021இல் பறந்த சிறு ஹெலிகொப்ரரில் இருக்கிறது.

மூன்றாவது கதை லிண்ட்பேர்க் 1927இல் அட்லாந்திக்கைத் தனியே கடந்த விமானத்தினுடையது. அதன் மூக்குப் பகுதி இன்று பொன்னிறமாகத் தெரிகிறது. அது அசல் நிறமல்ல. அருங்காட்சியகத்துக்கு வந்த புதிதில், அங்கு வரையப்பட்டிருந்தவற்றைக் காக்கவென்று பூசிய நிறமற்ற வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளானது. நல்ல மனதோடு செய்த பாதுகாப்பும் பொருளை மாற்றிவிடும். இதனால்தான் இன்றைய பாதுகாப்பாளர்கள் பின்னர் திரும்ப எடுக்க முடியாத எதையும் அசலின் மேல் செய்யத் தயங்குகிறார்கள்.

அவர்கள் முதலில் செய்வது வெளிச்சத்தைக் குறைப்பது. வெளிச்சத்துக்கு எளிதில் கெடும் துணிகளுக்கும் சாயங்களுக்கும் 50 லக்ஸ் அளவையே அருங்காட்சியகங்கள் வழமையாக அனுமதிக்கின்றன. எங்கள் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு இலட்சம் லக்ஸ். வெளிச்சத்தின் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. இந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலம் நடுப்பகல் வெயிலில் பிடித்த பொருள், அருங்காட்சியக வெளிச்சத்தில் 2,000 மணித்தியாலம் இருந்ததற்குச் சமன். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் 250 நாட்கள். வெயிலிலுள்ள கழியூதாக் கதிரையும் சேர்த்தால் சேதம் இன்னும் கூடும்.

எங்கள் வீடுகளில் உள்ளவை

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு விமானம் நினைவுக்கு வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டமும், அதன் பின்னர் எத்தனையோ நடுப்பகல்களில் வீதியோரம் ஏந்தப்பட்ட படங்களும்தான் நினைவுக்கு வந்தன. பல வீடுகளில் அது ஒரே படம். இடப்பெயர்வுகளில் அல்பங்கள் எல்லாம் போய், அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும்.

துணி விமானக்காரர்களின் முறை எங்களுக்கும் பொருந்தும். போராட்டத்துக்குப் போவது அசல் அல்ல, பிரதியாக இருக்கட்டும். அசலை நல்ல தெளிவோடு ஸ்கான் செய்து, அந்தக் கோப்பைக் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். திருத்துவதானால் கோப்பின் பிரதியில் திருத்துங்கள். திருத்தாத கோப்பு அப்படியே இருக்கட்டும். அசலை லமினேற் செய்யாதீர்கள், அதைப் பின்னர் பிரிக்க முடியாது. செலோரேப் ஒட்டாதீர்கள். பெயரும் திகதியும் எழுதுவதானால் படத்தின் பின்புறத்தில் பேனையால் அழுத்தி எழுதாமல், அது வைத்திருக்கும் கடித உறையில் எழுதுங்கள்.

பிள்ளையின் சேட்டோ சாரமோ இருந்தால், கழுவிக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் வேண்டாம். இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பையும் வேண்டாம். எங்கள் காலநிலையில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மாரிக்குப் பிறகு ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, திரும்ப மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடியுங்கள்.

அந்த அம்மாவிடம் இன்னொரு முறை போனேன். நல்லவேளை, அசல் படம் அப்படியே இருந்தது. அதை ஸ்கான் செய்து, பின்னணியையோ முகத்தின் வரிகளையோ தொடாமல், வெளுத்த நிறத்தை மட்டும் சிறிது சரிசெய்து அச்செடுத்துக் கொடுத்தேன். நெற்றியின் தழும்பு தெரிந்தது. முதல் தடவை ஸ்ரூடியோவில் அழித்திருந்தது அதைத்தான், நான் கவனித்திருக்கவில்லை.

"சைக்கிளால விழுந்தவன்" என்றார் அம்மா. அசலைப் பெட்டிக்குள் வைத்தார். பிரதியை எடுத்து மட்டையில் ஒட்டத் தொடங்கினார். அடுத்த நாள் கவனயீர்ப்புப் போராட்டம் இருந்தது.